மலைநாட்டுப் பாதிரியாரும் நம் வரிசைக் கோடிக் கிழவியும்

சென்ற ஐப்பசி அடைமழையில், சந்தாபுராவில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டு வரிசையில் ஒரு சம்பவம் நடந்தது. வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அனைத்திற்கும் பொதுவாக ஒரே தண்ணீர்த் தொட்டி. சேலத்தார், தருமபுரியார், திருவண்ணாமலையார், ஆம்பூரார் என்று பிழைப்பை நாடி வந்த குடும்பங்களே யாவும். அடுத்தடுத்து நான்கு குழந்தைகள் காய்ச்சலில் படுத்தன. மூன்றாவது குழந்தையின் பல் ஈறுகளில் இரத்தம் கசியவே, இரவோடு இரவாக மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். மறுநாட் காலை ஒரு வீட்டு வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான்! எல்லோருடைய பார்வையும் கோடி வீட்டிலிருந்த கீரை விற்கும் கிழவியின்மேல் திரும்பிவிட்டது.

அக்கிழவி செய்த குற்றம் யாது? கைம்பெண், தனியாக இருப்பவள், இரவில் தனக்குத்தானே பேசிக்கொள்பவள். நோயுற்ற குழந்தையை முந்தின வாரம் தூக்கிக் கொஞ்சி, கன்னம் மாம்பழம்போல் இருக்கிறதென்று மெச்சியும் விட்டாள். முதல் நாள் 'கண் பட்டுவிட்டது' என்றார்கள். மூன்றாம் நாள் அதுவே 'ஏதோ வைத்திருக்கிறாள்' என்று வளர்ந்தது. ஏழாம் நாள் வீட்டுக்காரர் வந்து, "வேறு இடம் பார்த்துக்கொள்" என்றார். கிழவி ஒரு தகரப் பெட்டியும் ஒரு கூடையுமாகப் புறப்பட்டுப் போனாள். கணக்கு எழுதிப் பிழைக்கும் நாமும் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கந்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இதற்கும் நீலகிரிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கோடை விடுமுறையில் உதகைக்குப் போனவர்கள் குன்னூருக்கும் லவ்டேலுக்கும் இடையே கேத்தி என்னும் சிறு நிலையத்தில் மலை ரயில் நிற்பதைக் கண்டிருப்பார்கள். கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, சிவப்பு ஓட்டு வீடுகள், காரட் வயல்கள். பெரும்பாலோர் தேநீர் அருந்திவிட்டுப் படம் பிடித்துக்கொள்வதோடு சரி. துரதிருஷ்டத்தைப் பற்றி மனிதர் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு அது ஒரு பாடசாலைக்கு ஒப்பான இடமாகும்.

கம்பெனி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற காசமேஜர் என்னும் ஆங்கிலேயர் 1840-களில் கேத்தியில் குடியேறினார். அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த படகர்களுக்குப் போதிக்க வேண்டுமென்று அந்த வயதிலே கன்னடம் கற்றுக்கொண்டார்; பள்ளிக்கூடமும் வைத்தார். 1849-ல் அவர் காலமானபோது அவருடைய சொத்து பாசல் மிஷனுக்குச் சேர்ந்தது. அந்த மிஷனிலிருந்து வந்தவரே ஜெர்மானியரான பிரெடரிக் மெட்ஸ் பாதிரியார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மலையில் ஊர் ஊராக நடந்தவர். அவர் எழுதிய நீலகிரி மலைச்சாதியார் பற்றிய நூலின் விரிவான பதிப்பு 1864-ல் மங்களூரில் அச்சாயிற்று. தொதவர் மொழியில் அவர் திரட்டிய சொற்களையும் வாக்கியங்களையும் ஆதாரமாகக் கொண்டே, நம் ஜி. யு. போப் ஐயர் அம்மொழிக்குச் சிறு இலக்கணம் வகுத்தார். அது 1873-ல் மார்ஷல் என்பாருடைய நூலில் வெளிவந்தது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த போப் ஐயர் அந்நாளில் நம் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார் என்பது இங்குள்ள தமிழர் அறிய வேண்டிய செய்தி.

மெட்ஸ் பாதிரியாரின் வாழ்க்கை எளிதன்று. பள்ளத்தாக்கில் மிஷன் கால் ஊன்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகே முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். மலைமக்கள் அவரை விரட்டவில்லை. அவர் சொன்னதற்காகத் தங்கள் வழக்கத்தை விட்டுவிடவும் இல்லை. அவரும் அவர்களுடைய தெய்வங்களை மதித்தவர் அல்லர்; இருளில் கிடப்பவர்கள் என்றே எண்ணினார். இது அக்காலப் பாதிரிமார் பலருக்கும் உரிய குறை. ஆயினும் கேட்டதை அவர் எழுதி வைத்தார். அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்களே.

படகர்களும் நம்மைப்போல் குடியேறியவர்கள்தாம். பல நூற்றாண்டுகளுக்குமுன் மைசூர்ச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். அவர்கள் பேச்சு கன்னடத்துக்கு நெருங்கிய உறவு. மலையில் முன்பே இருந்தவர் தொதவர், கோத்தர், குறும்பர். தொதவர் நெய் தருவர், கோத்தர் இரும்பு வேலையும் பானை வனைதலும் வாத்தியமும், படகர் தானியம், மலைச்சரிவுக் காட்டில் வாழ்ந்த குறும்பர் தேனும் காட்டுப் பொருளும். குறும்பருக்கு மேலும் ஒரு வேலை இருந்தது. படகர் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறும்பர் உண்டு. விதைப்புக் காலத்தில் அவர் வந்து பூசை செய்து முதல் விதையைத் தூவினாலன்றி ஏர் இறங்காது. மற்றக் குறும்பர்களின் மந்திரத்திலிருந்து ஊரைக் காப்பவரும் அவரே. அதற்குத் தானியக் கூலி பெற்றார்.

காக்க வல்லவர் கெடுக்கவும் வல்லவர் என்று எண்ணுவது மனித சுபாவம். காய்ச்சல் வந்தால் குறும்பர். மாடு செத்தால் குறும்பர். இளந்தாய் இறந்தால் குறும்பர். காட்டில் தனியே ஒரு குறும்பரைச் சந்தித்தவன் பயத்தாலேயே நோயுற்று மடிவான் என்றுகூட அந்நாளில் சொல்லப்பட்டது. இந்த அச்சம் வீட்டுத் திண்ணைப் பேச்சோடு நிற்கவில்லை. 1835-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட குறும்பர்கள் கொல்லப்பட்டனர். 1875-லும் 1882-லும் மீண்டும் கொலைகள் நேர்ந்தன. 1900-ல் ஒரு குறும்பக் குடும்பம் முழுவதுமே வெட்டி வீழ்த்தப்பட்டது. வைத்தியர் என்று பெயரெடுத்த அக்குடும்பத் தலைவர் ஒரு படகர் ஊருக்கு நோயையும் சாவையும் அனுப்பினார் என்பது கொன்றவர்களின் நம்பிக்கை. சுற்றுப்புற மக்களின் அனுதாபம் கொன்றவர் பக்கமே இருந்தபடியால் துப்புத் துலக்குவது அரிதாயிற்று என்றும், குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர் என்றும் 1908-ஆம் ஆண்டு ஜில்லா கெஜட்டியர் கூறுகிறது.

படகரைக் கொடியவர் என்று எண்ணிவிட வேண்டாம். இன்று கல்வியிலும் தேயிலைத் தொழிலிலும் அவர்கள் நமக்கு முன்னே நிற்கிறார்கள். அந்நாளிலும் அவர்களிடம் நெஞ்சை உருக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. ஒருவர் இறந்தால், பெரியவர் ஒருவர் பிணத்தருகே நின்று, இறந்தவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்வார். எல்லைக்கல்லை நகர்த்தியது, அயலார் விளைச்சலைக் கண்டு பொறாமைப்பட்டது என்று அது நீளும். ஆயிரத்து முந்நூறு பாவங்கள் என்பது அவர்கள் கணக்கு. கூடியிருப்போர் ஒவ்வொன்றுக்கும் 'பாவம்' என்று பின்பாட்டுச் சொல்வர். அத்தனையையும் ஒரு கன்றின்மேல் ஏற்றி, அதை அவிழ்த்து விட்டுவிடுவது வழக்கம். பிறகு அக்கன்றை எவரும் வேலை வாங்கமாட்டார். பழைய ஏற்பாட்டில் பாவம் சுமந்து வனத்திற்கு ஓட்டப்படும் வெள்ளாடு மிஷன்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கும்.

நமக்கு வியப்பளிப்பது இதுதான்: தங்கள் பாவத்தைக் கன்றின்மேல் ஏற்றத் தெரிந்த மக்கள், தங்கள் நோயை மட்டும் மனிதன்மேல் ஏற்றினார்கள். கன்று அடிபடாமல் புல் மேயப் போயிற்று. குறும்பருக்கோ அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

ஏன் குறும்பர்? நாம் யோசித்துப் பார்த்த மட்டில் ஒரு காரணம் தோன்றுகிறது. நீலகிரியின் சரிவுக் காடுகள் மலேரியாவுக்குப் பேர்போனவை. மேட்டு நிலத்துப் படகர் கீழே இறங்கி வந்தால் குளிர்காய்ச்சலோடு திரும்புவார். அங்கேயே பிறந்து வளர்ந்த குறும்பரோ, சிறு வயது முதல் அக்காய்ச்சலோடு பழகியவராதலால், ஓரளவு தாங்கி நடமாடுவார். 'இவனுக்கு வராதது நமக்கு மட்டும் ஏன் வருகிறது?' என்ற கேள்விக்கு அக்காலத்தில் மந்திரம் ஒன்றே விடையாகக் கிடைத்திருக்கலாம். மலையின் சாவெல்லாம் மலேரியாவால் என்று நாம் சொல்ல வரவில்லை. அம்மையும் இருந்தது, மாட்டு நோயும் இருந்தது.

வெள்ளைக்காரரும் அப்போது அதிகம் அறிந்திருக்கவில்லை. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். ஆனால் மருந்து மட்டும் கைக்கு எட்டியிருந்தது. 1860-ஐ ஒட்டித் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சர்க்கார் சின்கோனா மரங்களை நட்டது. அம்மரப் பட்டையிலிருந்தே கொய்னா எடுக்கப்படுகிறது. ஆக 1875-லும் 1882-லும் குறும்பர் கொலையுண்டபோது, காய்ச்சலுக்கு மருந்து அதே மலையில் மரமாக வளர்ந்து நின்றது!

பிறகு ரொனால்டு ராஸ் வந்தார். காலராவைத் தடுக்கும் பணிக்காக 1895-ல் நம் பெங்களூருக்கு அனுப்பப்பட்ட இராணுவ மருத்துவர். 1897 ஏப்ரலில் விடுமுறையில் உதகைக்குச் சென்று, சீகூர் மலைப்பாதையில் மலேரியாவை ஆராயப் புகுந்து, தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20-ந் தேதி செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பு நடந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், 1900-ல், அந்தக் குறும்பக் குடும்பம் அழிந்தது. செய்தி உலகம் சுற்றிற்று. சீகூருக்கு அடுத்த மலைச்சரிவுக்கு வந்து சேரவில்லை. 1958-ல் டாக்டர் நரசிம்மன் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கி, மருந்துப் பெட்டியோடு குறும்பரையும் இருளரையும் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

சந்தாபுராவில் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. மருத்துவமனையில் இரத்தம் சோதித்து, டெங்கு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வருவது. அக்கொசு சாக்கடையில் அன்று, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. நம் வரிசையின் பொதுத் தொட்டிக்கு ஏழு மாதமாக மூடி இல்லை. மூடி உடைந்ததை எல்லோரும் அறிவோம். வீட்டுக்காரர் போடட்டும் என்று குடியிருப்போரும், குடியிருப்போர் போடட்டும் என்று வீட்டுக்காரரும் இருந்துவிட்டார்கள். சோதனைத் தாள் வந்த பின்னும், "கொசு சரி, அந்தக் கொசுவை ஏவியது யார்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை.

தைப் பொங்கலுக்கு மறுநாள், அத்திப்பள்ளியில் உறவினர் வீட்டில் அக்கிழவி இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாமும் சங்க நண்பர் ஒருவரும் பார்க்கப் போயிருந்தோம். வரிசையில் அவள் இருந்த வீட்டை வேறொருவருக்கு விட்டாயிற்று; திரும்பி வா என்று அழைக்கவும் வழியில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று சொற்களை மனத்தில் கட்டிக்கொண்டு போனோம். கீரைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நாம் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்:

"வா கண்ணு. அந்தக் கொழந்தைக்குக் காச்சல் நின்னுச்சா?"

நின்றுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறது என்றோம். தொட்டிக்கு மூடி போட்டாகிவிட்டதா என்று அடுத்தபடியாகக் கேட்டாள். ஐப்பசிக்கு முன்பே அதைப்பற்றி அவள் இரண்டு வீட்டில் சொல்லியிருந்தாளாம்.