சின்னது வந்தால் பெரியது வராதா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் குடியிருக்கிறாராம். அவ்வப்போது வீடு லேசாக ஆடுகிறதாம். ‘பயப்படாதீங்கப்பா, இப்படிச் சின்னச் சின்னதா வந்தா நல்லதுதான். அழுத்தம் அப்பப்போ வெளியேறிடும், பெருசா வராதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க’ என்று போனில் ஆறுதல் சொல்கிறாராம். இது உண்மையா என்று கேட்கிறார்.

உண்மை இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று தேடப் போனால், அந்த ஊரின் மண்ணுக்கு அடியில் நடக்கும் ஓர் அற்புதமான காரியம் தெரியவரும்.

பெர்க்லி, ஓக்லாந்து, ஹேவர்டு, ஃப்ரீமாண்ட் என்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் ஊர்களின் ஊடாக ஹேவர்டு பிளவு ஓடுகிறது. கணினி வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி இது. 2025 செப்டம்பர் 22 அன்று, அதிகாலை மூன்று மணிக்குச் சில நிமிடம் முன்பு, பெர்க்லியில் 4.3 அளவு நிலநடுக்கம் வந்தது. விரிகுடாப் பகுதி பாதி விழித்துக்கொண்டது. பெரிய சேதம் இல்லை. 2018 ஜனவரியில் இதே பெர்க்லியில் 4.4 வந்தபோதும் இப்படித்தான்.

இந்த அளவு நிலநடுக்கம் பக்கத்தில் வந்தால் முதலில் தரைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு குத்து. ஓரிரு விநாடி கழித்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடும். குத்துவது முதலில் வரும் அழுத்த அலை, விநாடிக்கு சுமார் 6 கி.மீ. வேகம். ஆட்டுவது பின்னால் வரும் குறுக்கலை, விநாடிக்கு சுமார் 3.5 கி.மீ. இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி இருந்தால் நிலநடுக்கம் 8 கி.மீ. தள்ளி நடந்திருக்கிறது, ஐந்து விநாடி இருந்தால் 40 கி.மீ. மேஜைக்கு அடியில் புகுந்துகொண்ட பிறகு எண்ணிப் பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஹேவர்டு பிளவில் கடைசியாகப் பெரியது வந்தது 1868-ல். அதன் அளவு சுமார் 6.8 என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஆற்றலை 4.3 அளவு நிலநடுக்கங்களாகச் சில்லறை மாற்றினால் ஏறத்தாழ 5,600 தேவைப்படும். 1868-லிருந்து 2025 வரையான 157 ஆண்டுகளில் பரப்பிப் பார்த்தால், பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைகூடத் தவறாமல், பெர்க்லியை எழுப்பிவிட்டது போன்ற ஒன்று வந்திருக்க வேண்டும். வருவதோ சில ஆண்டுகளுக்கு ஒன்று. இயற்கையில் ஒரு எண் குறையக் குறைய நிலநடுக்கங்களின் எண்ணிக்கை சுமார் பத்து மடங்குதான் கூடுகிறது. ஆற்றல் 32 மடங்கு குறைகிறது. ஆகவே சின்னவை எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரியது ஒன்றுக்கு ஈடாகாது. அழுத்தம் வெளியேறிவிட்டது என்ற ஆறுதல் இந்தக் கணக்கில் நிற்காது.

அப்படியென்றால் அடியில் என்னதான் நடக்கிறது? தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேர் அசையவில்லை. ஆனால் இழுப்பவர்கள் ஓரடி முன்னால் போயிருக்கிறார்கள், ஏனென்றால் நார்வடம் அந்த அளவுக்கு விறைத்து நீண்டிருக்கிறது. இழுப்பு இன்னும் கூடுகிறது. சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு தாங்காத ஒரு கணத்தில் தேர் குலுங்கி நாலடி முன்னால் பாய்கிறது, வடம் தொய்கிறது. பசிபிக் தட்டு வடமேற்காக இழுத்துக்கொண்டே இருப்பதுதான் கூட்டத்தின் இழுப்பு. பிளவின் இருபுறமும் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பாறை வளைந்து கொடுப்பதுதான் வடம் நீள்வது. தேர் பாய்வதுதான் நிலநடுக்கம்.

ஹேவர்டு பிளவின் விசேஷம், அங்கே தேர் பாயாமலும் நகர்கிறது. பெரும்பாலான பிளவுகள் இறுகிக் கிடக்கும், உடையும்போதுதான் நகரும். இந்தப் பிளவின் மேல்பகுதியோ ஆண்டுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் வீதம் சத்தமில்லாமல் ஊர்கிறது. ஹேவர்டு நகரில் ரோஸ் தெருவும் ப்ராஸ்பெக்ட் தெருவும் சேரும் முனையில் நடைபாதையின் கான்கிரீட் விளிம்பு ஒன்று இருந்தது. நேர்கோடாகப் போட்ட விளிம்பு, நடுவில் வெட்டுப்பட்டு, எதிர்ப்பக்கத் துண்டு வலப்புறமாக விலகி நின்றது. நிலவியலாளர்கள் பல்லாண்டுகளாக அதே கோணத்தில் நின்று படமெடுத்து வந்தார்கள். படத்துக்குப் படம் விலகல் கூடுவது கண்ணுக்கே தெரியும். 2016-ல் சக்கர நாற்காலிகளுக்கு வழி செய்ய நகராட்சி அந்த முனையை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டது. நடைபாதைக்கு நல்லதுதான். ஆனாலும் ஒரு கருவியை இழந்ததுபோல் விஞ்ஞானிகள் வருந்தினார்கள், அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. அதே ஊரின் பழைய நகர மண்டபம் பிளவின் மேலேயே கட்டப்பட்டு, விரிசல் விட்டுப் பயன்பாட்டிலிருந்து போனது. பெர்க்லியில் 1923-ல் திறந்த பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தை ஒரு கோல் முனையிலிருந்து மறுமுனை வரை பிளவு இரண்டாகப் பிரிக்கிறது. 2012-ல் முடிந்த புதுப்பிப்பில், பிளவு கடக்கும் இடத்து இருக்கைப் பகுதிகளைத் தனித் துண்டுகளாக்கி, நிலம் சுமார் ஆறடி நகர்ந்தாலும் ஒன்றோடொன்று மோதாதபடி கட்டியிருக்கிறார்கள்.

ஏன் ஊர்கிறது? பிளவுக்குள் அரைபட்டுக் கிடக்கும் வழுக்கலான களிமண் கனிமங்களைக் காரணமாகச் சொல்கிறார்கள். தெற்கே பார்க்ஃபீல்டு அருகே சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குள் சுமார் 3 கி.மீ. ஆழம் துளையிட்டு எடுத்த பாறைத் தூணில், ஊரும் இடத்தில் அப்படிப்பட்ட கனிமமே நிறைந்திருந்தது.

ஊர்கிறதே, பிறகு என்ன கவலை என்று தோன்றும். ஆழத்தில் இரு பக்கமும் ஆண்டுக்கு சுமார் 9 மில்லிமீட்டர் விலகுகின்றன. மேலே 5 மட்டுமே ஊர்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. சில கிலோமீட்டர் ஆழத்தில் துளியும் அசையாமல் பூட்டிக்கொண்ட பகுதிகள் இருக்கின்றன. ஒரே கூட்டம் பத்துத் தேர்களை வரிசையாகப் பூட்டி இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு தேர் மெதுவாக உருள்கிறது. மூன்றின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கிடக்கிறது. உருளும் ஏழும் தங்கள் பாரத்தையும் அந்த மூன்றின் மேல் ஏற்றுகின்றன. முட்டுக்கட்டை நொறுங்கும் நாளில் மூன்றும் பாயும், பக்கத்தில் உருள்வதையும் இழுத்துக்கொண்டு பாயும். 1868-லிருந்து பூட்டிக் கிடக்கும் பகுதிகள் நகர்ந்திருக்க வேண்டிய தூரம், 157 ஆண்டும் 9 மில்லிமீட்டரும் பெருக்கினால், சுமார் 1.4 மீட்டர்.

கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் எது உருள்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? இங்கேதான் மிகச் சின்ன நிலநடுக்கங்கள் வேலைக்கு வருகின்றன. யாருக்கும் உணர வராத அளவில், கருவியில் மட்டும் பதியும் சில அதிர்வுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் பதிவுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு நெளிவும் பொருந்துகிறது. ஊரும் பரப்பின் நடுவே சில பத்து மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றியுள்ள பாறை ஊர ஊர அதன் மேல் பாரம் ஏறுகிறது, தாங்காதபோது உடைகிறது, மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. அதே திட்டு, அதே அளவு, அதே அலை. தேரின் ஒரு சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் பழுது இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் அடியில் வரும்போது ‘கிறீச்’ என்று கத்தும். சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டு கிறீச்சை எண்ணினாலே தேர் எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்லிவிடலாம். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். திரும்ப வரும் நுண்ணதிர்வுகளை எண்ணி, எந்த ஆழத்தில் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஊர்கிறது என்று கணக்கிட்டார்கள். சின்ன அதிர்வால் அழுத்தம் குறையாது, ஆனால் அளவுகோல் கிடைக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

மேற்பரப்பில் அளப்பதற்கு இன்னும் எளிய வழி. சாலையின் இருபுறமும் குறிகள் பதித்து, கோணமானியால் பார்த்து, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1979-லிருந்து ஊர்தலை அளந்தார்கள். 1989-ல் லோமா பிரியட்டா நிலநடுக்கம் மலைப்பகுதி ஒன்றில் நடந்த பிறகு, ஃப்ரீமாண்ட் பக்கத்தில் ஊர்தல் பல ஆண்டுகள் ஏறத்தாழ நின்றுபோய், 1996-ல் மீண்டும் தொடங்கியது. பொறுமையாக அளந்தவர்கள் இருந்ததால்தான் இது தெரிந்தது.

வரலாறு சுருக்கமாக. 1868 அக்டோபர் 21 நிலநடுக்கத்தில் சுமார் 30 பேர் இறந்தார்கள். 1906-ல் அதைவிடப் பெரியது வரும்வரை சான் பிரான்சிஸ்கோவின் பெரிய நிலநடுக்கம் என்று மக்கள் சொன்னது இதைத்தான். 1906-க்குப் பின் விலகி நின்ற வேலிகளையும் நில அளவைக் குறிகளையும் ஆராய்ந்து, பாறை வளைந்து சேமித்ததை உடைந்து விடுவிக்கிறது என்று 1910-ல் விளக்கியவர் ஹாரி ஃபீல்டிங் ரீட்.

ஒவ்வொரு சிறிய அதிர்வுக்குப் பிறகும் ‘பெரியது தாமதமாகிவிட்டது, எந்த நேரமும் வரும்’ என்று தலைப்பு போடுகிறார்கள். ஃப்ரீமாண்ட் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு குட்டையில் பள்ளம் தோண்டி, சேற்றடுக்குகளில் பழைய நிலநடுக்கங்களின் தடயத்தைப் படித்திருக்கிறார்கள். சுமார் 1,900 ஆண்டுகளில் 12 அளவுக்குப் பெரியவை. சராசரி இடைவெளி 160 ஆண்டு அளவில், ஆனால் கூடக்குறைய 65 ஆண்டு. அவ்வளவு முன்பின் ஆகும் ஒன்றில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் சொல்வது இவ்வளவுதான்: ஹேவர்டு பிளவிலும் அதன் வடக்குத் தொடர்ச்சியிலும் 2014-க்கும் 2043-க்கும் இடையே 6.7 அல்லது அதற்கு மேல் வர 33 சதவீத வாய்ப்பு. நாள், நேரம் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும், கிரகங்கள் நேர்கோட்டில் வருவதைக் காட்டும் வீடியோவும் நம்பத்தக்கவை அல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து சில நாளுக்குள் அதைவிடப் பெரியது வருவது நூற்றுக்கு ஐந்து அளவில் நடக்கும். சின்னது வந்ததும் ஒரு வாரம் எச்சரிக்கையாக இருக்க இது போதுமான காரணம், ஊரைவிட்டு ஓடப் போதாது. கைபேசியில் வரும் ‘மைஷேக்’ எச்சரிக்கையும் முன்கணிப்பு அல்ல. நடந்துவிட்ட நிலநடுக்கத்தின் முதல் அலையைப் பிடித்து, ஆட்டும் அலை வந்து சேருமுன் சில விநாடி தருவது. மேஜைக்கு அடியில் புக அந்தச் சில விநாடி போதும்.

இதே பிளவில் 7 அளவு வந்தால் என்ன ஆகும் என்று அதே ஆய்வகம் 2018-ல் கணக்கிட்டது: சுமார் 800 உயிரிழப்பு. கிழக்கு விரிகுடா மக்களுக்குக் குழாயில் குடிநீர் சராசரியாக ஆறு வாரம் வராமல் போகலாம், சிலருக்கு ஆறு மாதம்.

அங்கே வீடு வாங்க முன்பணம் கட்டப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இதைச் செய்யுங்கள். பிளவின் நேர் மேலே குடியிருப்புக் கட்டக்கூடாது என்று 1972 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகள் அப்படியேதான் நிற்கின்றன. வீட்டு முகவரியை மாநில நிலவியல் துறையின் இணைய வரைபடத்தில் தட்டிப் பாருங்கள், கட்டணம் கிடையாது. 1980-க்கு முந்தைய மர வீடு என்றால் அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அதைச் செய்ய மாநில உதவித்தொகைத் திட்டம் உண்டு. வெந்நீர்க் கொதிகலனைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுவது சட்டப்படி கட்டாயம், அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர், அடுத்த முறை போனில் பேசும்போது தண்ணீர் சேமித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர். இரண்டு வாரத்துக்கு வைத்திருப்பது நல்லது.