பனிக்காலத்து உப்பும் குரோமியச் சில்லும்



கடலோரத்தில் வாழ்வோர்க்கு உப்பின் இயல்பைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்புக்காற்றுப் படும் யன்னற் கம்பி சில ஆண்டுகளிற் கறளேறி உதிர்வதை அவர்கள் கண்ணாரக் கண்டிருப்பர். ஆயின், கடலுக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு நகரத்திலும் உப்பு மோட்டார் வண்டியின் சில்லுகளை அரிக்கின்றது என்றால் வியப்பாயிருக்கும். கனடாவிலுள்ள ரொறன்ரோ அத்தகைய நகரம். அங்கே குடியேறி வாழும் நம்மவர் பல்லாயிரவர்க்கும் இது குளிர்காலந்தோறும் நேரும் தொல்லையாகும்.

அந்த உப்பு எங்கிருந்து வருகின்றது? அதே ஒன்ராறியோ மாகாணத்தில், ஹியூரன் ஏரிக்கரையிற் கொடரிச் என்னும் ஊர் உண்டு. அங்கே ஏரியின் அடியில், ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்திலே, தொல்லூழியில் வற்றிய கடல் விட்டுச்சென்ற உப்பை வெட்டியெடுக்கின்றனர். தெருவில் உறைபனி படியும்போது இத்தகைய உப்பைத் தூவுவர். தூய நீர் 0 பாகை செல்சியசில் உறையும். உப்புக் கரைந்த நீரோ அதனினும் மிக்க குளிரிலேயே உறையும். ஆதலின் பனி உருகி, வண்டி வழுக்காது ஓடுகின்றது. குளிர் மேலும் கடுமையாகுமிடத்துக் கல்சியங் குளோரைட்டு, மகனீசியங் குளோரைட்டு என்பவற்றையும் பயன்படுத்துவர். இவை காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்வன. ஆகவே படிந்த இடத்தை எளிதில் உலரவிடா.

இனி, சில்லைப் பார்ப்போம். கண்ணாடிபோல மின்னும் குரோமியச் சில்லு முழுவதும் குரோமியத்தால் ஆனதன்று. உள்ளே இருப்பது உருக்கு அல்லது அலுமினியம். அதன்மேல் நிக்கல் முலாம். அதற்கும் மேலேதான் குரோமியம். அந்தக் குரோமியப் படை பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. குரோமியம் தன்மேல் தானே ஓர் ஒட்சைட்டுப் போர்வையை அமைத்துக்கொள்வதால் எளிதிற் கெடுவதில்லை. எனினும், அப்படையிற் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வெடிப்புகள் உண்டு. தெருக் கற்கள் தெறித்துப் புதிய காயங்களையும் உண்டாக்கும். அவற்றின் வழியே உப்புநீர் உட்புகுந்து அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். அரிப்பினால் விளையும் பொருள் பருத்து மேலெழ, முலாம் கொப்புளித்துப் பின் தோலாக உரியும்.

இங்கே பலர் கொள்ளும் தவறான எண்ணம் ஒன்றுண்டு. கடுங்குளிரே சில்லைக் கெடுக்கின்றது என்று கருதி, அவர்கள் உப்புச்சேறு படிந்த வண்டியை வெப்பமூட்டிய கராஜினுள் இரவு முழுவதும் நிறுத்துகின்றனர். உண்மை இதற்கு மாறானது. உறைந்து கிடக்கும்போது அரிப்பு மிக மெதுவாகவே நிகழும். வெப்பம் பட்டுப் பனி உருகியதும் உப்பு கரைந்து வெடிப்புகளிற் புகுகின்றது. வெப்பம் ஏற ஏற அரிப்பும் விரைகின்றது. எனவே கழுவாது கராஜில் விடுதல், பகைவனை வீட்டுக்குள் அழைத்து விருந்திடுதல் போலாகும்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? குளிர்காலம் தொடங்குமுன் சில்லுகளை நன்கு கழுவி உலர்த்தி, மெழுகு பூசுதல் வேண்டும். குளிர்காலத்திலே, வெப்பநிலை 0 பாகைக்கு மேல் ஏறும் நாள் வாய்த்தால் தவறாது கழுவவேண்டும். உப்பு வேலைசெய்யத் தொடங்கும் நாளும் அதுவேயன்றோ! சில்லின் முகத்தை மட்டுமன்றி, உட்புறத்தையும் நீர் பாய்ச்சிக் கழுவுக. மென்மையான சவர்க்கார நீரும் மெல்லிய துணியும் போதும். அமிலங் கலந்த திரவமும் கம்பித் தூரிகையும் முலாத்துக்குக் கேடாம். கழுவியபின் துணியால் துடைத்து, சிறிது தூரம் வண்டியை ஓட்டிப் பிரேக்கை மெல்ல அழுத்தினால் அதிற் தங்கிய நீரும் உலரும். இல்லையேல் இரவிலே அது உறைந்து பிரேக்கைப் பற்றிக்கொள்ளவும் கூடும்.

இவற்றினும் சிறந்த வழி, குரோமியச் சில்லுகளைக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்கால ரயர் பூட்டிய எளிய உருக்குச் சில்லுகளை மாட்டுவதே. கியூபெக் மாகாணத்திலே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயமாதலின், அங்கே பலர் எவ்வாறாயினும் ரயர் மாற்றவே வேண்டியவர்.

இஃது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ரயர் அமரும் விளிம்பிலே முலாம் உரிந்தால், அவ்விடத்தினூடாகக் காற்று சிறிது சிறிதாகக் கசியும். காற்றுக் குறைந்த ரயரோடு உறைபனித் தெருவிற் செல்வது உயிருக்கே இடராகலாம். உரிந்த முலாத்தை ஒட்டுப்போட்டுச் சீராக்கவும் இயலாது. முழுவதும் நீக்கிப் புதிதாகவே பூசவேண்டும். வழுக்காது காக்கும் உப்பு, கவனியாது விட்டால் மற்றொரு வழியால் நம்மை வழுக்கச் செய்யும். அதனைத் தடுக்க வேண்டுவது ஒரு வாளி நீரும் ஒரு துணியும் சிறிது விழிப்புமே.