இளவேனிற்காலப் பனிச்சரிவு

இளவேனிற்காலப் பனிச்சரிவு என்பது, குளிர்காலத்தில் மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காகப் படிந்த பனி, வெப்பநிலை உயரும்போது உருகி வலுவிழந்து சரியும் நிகழ்வு ஆகும். இமயமலையில் இது பெரும்பாலும் மார்ச்சு முதல் மே வரையான மாதங்களில் ஏற்படுகின்றது. குளிர்காலச் சரிவுகளுக்குப் புதிய பனிப்பொழிவும் காற்றும் முதன்மைக் காரணங்களாகும். இளவேனிலில் உருகுநீரே முதன்மைக் காரணம் என்பதால், ஒரே சரிவின் இடர்நிலை காலைக்கும் மாலைக்கும் இடையே மாறிவிடுகின்றது.

தோன்றும் விதம்

குளிர்காலத்தில் பனி அடுக்குகள் உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும். இளவேனிலில் அவை மேலிருந்து கீழ்வரை 0 பாகை செல்சியசை அடைகின்றன. அப்போது கீழிறங்கும் உருகுநீர் பனித்துகள்களுக்கு இடையேயான பிணைப்பைத் தளர்த்துகின்றது. கடினமான அடுக்கின் மீதோ பாறையின் மீதோ நீர் தேங்கினால், மேலுள்ள பனி வழுக்கி இறங்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் தொடங்குகின்றன.

இடரை மதிப்பிடல்

முதலில் கருதப்படுவது முந்தைய இரவின் நிலை ஆகும். தெளிந்த வானமுள்ள இரவில் பனி மீண்டும் இறுகுகின்றது. மேகம் மூடிய இரவில் வெப்பம் வெளியேறாததால் அது நன்கு உறைவதில்லை. அத்தகைய நாளில் விடியற்காலையும் பாதுகாப்பானதன்று. கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலிலும், பின்னர் தெற்கு, மேற்கு நோக்கியவையும் வெப்பமடைகின்றன. கால் முழங்கால்வரை புதைதல், பனியுருண்டைகள் தாமாக உருளுதல், அருகில் புதிய சரிவுகள் காணப்படுதல், மழை பெய்தல் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகளாகும். பனியில் குழி தோண்டி அடுக்குகளின் ஈரத்தையும் வலிமையையும் சோதிப்பதும் வழக்கம். ஆயினும் ஒரு குழியின் முடிவு மலை முழுமைக்கும் பொருந்தாது.

இந்தியாவில்

பனிச்சரிவு ஆய்வுக்கென 1969 இல் மணாலியில் ஓர் ஆய்வகம் நிறுவப்பட்டது. 2020 இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் ஆனது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தனர்.

மீட்பு

புதையுண்டவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு, ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குப் பின்னர் விரைவாகக் குறைகின்றது. மூச்சுத்திணறலே இறப்புக்கு முதன்மைக் காரணம். 2016 பெப்ரவரி 3 அன்று சியாச்சினில், குளிர்காலப் பனிச்சரிவொன்றில் மதராசுப் படைப்பிரிவின் 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். 6 நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட அனுமந்தப்பாவும் பெப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் இறந்தார். தொலைவிலிருந்து உதவி வந்துசேரும் முன் இந்நேரம் கடந்துவிடுவதால், உடன் செல்வோரே உடனடியாக மீட்க இயலும். இதற்காக மலையேறுவோர் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, துழாவுகோல், பனிவாரி ஆகியவற்றை எடுத்துச் செல்வர்.