பெயின்ட்டைச் சுரண்டலாமா? புவேர்ட்டோ ரிக்கோவின் மரப் புனிதர்கள்

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

உங்க கையில ஒரு மரச் சொரூபம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒரு ஜாண் உயரம். மாதா சொரூபம். மேல தடிமனா நீல பெயின்ட். ஓரத்துல அது உரிஞ்ச இடத்துல சிவப்பு தெரியுது. அதுக்கும் கீழ பச்சை. நூறு வருஷத்துக்கு மேல பழசு. மேல இருக்கிற பெயின்ட்டை எல்லாம் பொறுமையா எடுத்தா, செதுக்கினவர் முதல் முதலா பூசின நிறம் கிடைக்கும். எடுக்கலாமா, விட்டுடலாமா?

கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் பழைய மரச் சொரூபங்களைக் கையில் எடுக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். பாடகர் பேட் பன்னியோட ஊர்னு சொன்னா உங்கள்ல சிலருக்குச் சட்டுனு புரியும். அந்தத் தீவில் இந்தச் சொரூபங்களுக்குப் பெயர் ‘சாந்தோஸ் தே பாலோ’. நம்ம வார்த்தையில சொன்னா, மரத்துப் புனிதர்கள். செதுக்குபவர் ‘சாந்தெரோ’. கேள்விக்குப் பதில் தேட, இந்தச் சொரூபங்கள் ஏன் வந்ததுன்னு முதல்ல பார்க்கணும்.

கோயில் தூரம், புனிதர் பக்கம்

ஸ்பானியர்கள் இந்தத் தீவில் குடியேறத் தொடங்கியது 1508-இல். மூன்றே வருடத்தில், 1511-இல், இங்கே ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய மறைமாவட்டங்களில் இதுவும் ஒன்று. பேப்பரில் பார்த்தால், ஆரம்பத்திலிருந்தே திருச்சபை வலுவாக இருந்த இடம்.

ஆனா நிலைமை வேற. தீவின் நடுவில் நீளமாக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. மக்கள் கரையோர ஊர்களை விட்டு மலைக்குள் சிதறிப் போய்க் குடிசை போட்டு, கொஞ்சம் பயிர் வைத்துப் பிழைத்தார்கள். இந்த மலை விவசாயிகளை ‘ஹீபாரோ’ என்பார்கள். பாதிரியார்கள் குறைவு, பாதை மோசம். மழைக்காலத்தில் ஞாயிறு பூசைக்கு இறங்கி வருவது நடக்காத காரியம்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மாடு தொலைந்தால், புயல் அடித்தால் யார்கிட்ட போய் முறையிடுறது? அதனால் வீட்டிலேயே ஒரு மூலையில் பலகை அடித்து, அதில் புனிதரை வைத்தார்கள். ஜெபமாலை சொல்வதும் அங்கே, செத்தவருக்காக ஜெபிப்பதும் அங்கே. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த பெரிய சொரூபங்கள் கோயிலுக்கும் பணக்காரர்களுக்கும் போயின. மலை வீட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செதுக்கித் தந்தார்.

கத்தி, மரம், பெயின்ட்

செதுக்கியவர்களில் பெரும்பாலானோருக்கு வேறு பிழைப்பு இருந்தது. யாரிடமும் கலைப்பள்ளிச் சான்றிதழ் கிடையாது. அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொண்டான். தீவின் மரங்களை எடுத்துக் காயவைத்து, கத்தியால் உருவம் கொண்டுவந்து, மேலே வெள்ளைச் சுண்ணப் பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்ணம் பூசினார்கள். கையைத் தனியாகச் செதுக்கி உடம்போடு பொருத்துவது வழக்கம். அதனாலதான் பழைய சொரூபங்கள்ல கை உடைஞ்சோ காணாமலோ நிறைய இருக்கு.

பெயர் தெரிந்த ஆரம்பகாலக் கலைஞர்களில் முக்கியமானவர் ஃபெலிப்பே தே லா எஸ்பாதா. தீவின் தென்மேற்கில் சான் ஹெர்மான் ஊர்க்காரர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலை செய்தவர். ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர். மகன் திபூர்சியோவும் அதே தொழில். இவர்களுடைய வேலையில் துணி மடிப்பு அலையடிக்கும், ஐரோப்பியக் கோயில் சொரூபங்களின் சாயல் தெரியும். பிறகு வந்த மலைக் கலைஞர்கள் அதையெல்லாம் குறைத்துக்கொண்டே போனார்கள். நேராக நிற்கும் உடம்பு, நேராகப் பார்க்கும் கண், ரெண்டு மூணு நிறம், அவ்வளவுதான். வடக்கே காமூய் ஊரின் கபான் குடும்பம், நடு மலையில் ஒரோகோவிஸ் பகுதியின் குடும்பங்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. பழைய சொரூபங்களில் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. மூக்கு, கண், பீடம் செதுக்கிய விதத்தை வைத்துத்தான் இது இன்னார் வேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஒட்டகம் இல்லாத மூன்று ராஜாக்கள்

தீவில் அதிகம் செதுக்கப்பட்ட உருவங்களில் ஒன்று, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். கிறிஸ்துமஸ் குடில் பார்த்தவர்களுக்கு ஒட்டகம் ஞாபகம் வரும். இங்கே அவர்கள் வருவது குதிரையில். ஒட்டகத்தை அந்த மலையில் யார் பார்த்தார்கள்? இன்னொரு விஷயம், இந்தத் தீவின் மரபில் மெல்கியோர்தான் கறுப்பு ராஜா. பல சொரூபங்களில் நடுவில், வெள்ளைக் குதிரையில் வருபவர் அவர். தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் வாழும் தீவில், வெள்ளைக் குதிரை கறுப்பு ராஜாவுக்குப் போனதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ஜனவரி 6 அவர்களுடைய திருநாள். முதல் நாள் ராத்திரி பிள்ளைகள் புல் பறித்து டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். ராஜாக்கள் வரும் மிருகங்கள் பசியோட வருமே!

இன்னொரு உருவம் ‘வல்லமையுள்ள கை’. ஆணித் தழும்போடு ஒரே ஒரு கை. ஐந்து விரல் நுனியில் ஐந்து பேர்: குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மாதாவின் பெற்றோரான அன்னம்மாள், சுவக்கின். ஒரு கைக்குள்ள ஒரு குடும்பமே அடங்கிடுச்சு.

தீவின் சொந்தக் கதைக்கும் உருவம் உண்டு. ஓர்மிகேரோஸ் என்ற ஊரில் ஒரு விவசாயியைக் காளை முட்ட வந்ததாம். அவர் மொன்செராத் மாதாவைக் கூப்பிட, காளை அப்படியே மண்டியிட்டதாம். 1599-இல் நடந்ததாகச் சொல்வார்கள். மேலே மாதா, கீழே மண்டியிட்ட மனிதர், பக்கத்தில் மண்டியிட்ட காளை: இதைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

கொடுத்து வாங்கும் உறவு

இப்போ பெயின்ட் விஷயத்துக்கு வரலாம். அந்த மலை வீடுகளில் புனிதரோடு இருந்த உறவு கொடுக்கல் வாங்கல் உறவு. அதற்குப் பெயர் ‘ப்ரொமேசா’, நம்ம ஊர்ல சொல்ற நேர்ச்சை. கால் குணமானால், வெள்ளியில் சின்னக் கால் செய்து சொரூபத்தில் கட்டுவார்கள். வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் எல்லாம் காணிக்கையாகப் போடுவதைப் பார்த்திருப்பீங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி. ராஜாக்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, சொரூபத்துக்கு முன் ராத்திரி முழுக்கப் பாடிச் சாப்பாடு போடுவார்கள். கேட்டது கிடைக்கலைன்னா கோபமும் உண்டு. அந்தோணியார் கையில் இருக்கும் குழந்தை இயேசுவை எடுத்து ஒளித்துவைத்து, “வரன் கொடு, குழந்தையைத் தர்றேன்” என்று பேரம் பேசுவார்கள்.

நேர்ச்சையில் இன்னொரு வகை, சொரூபத்துக்குப் புது வண்ணம் பூசுவது. மகன் பிழைத்தால் மாதாவுக்குப் புது உடை, அதாவது புது பெயின்ட். அந்த வீட்டு அம்மா பூசினார், பிறகு மகள், பிறகு பேத்தி. நாம ஆரம்பத்துல பார்த்த நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் இப்படி வந்தது. ஒவ்வொரு கோட்டிங்குக்குப் பின்னாலும் அந்த வீட்டில் ஒரு கஷ்டமோ சந்தோஷமோ இருந்திருக்கலாம்.

வீட்டிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு

1898-இல் ஸ்பெயின் போரில் தோற்று, தீவு அமெரிக்காவின் கைக்குப் போனது. புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் வந்தார்கள், மதம் மாறிய குடும்பங்கள் உண்டு. அச்சடித்த படங்களும் அச்சில் வார்த்த பிளாஸ்டர் சொரூபங்களும் மலிவாகக் கிடைத்தன. வழவழன்னு, பளபளன்னு இருக்கும். கரடுமுரடான மரச் சொரூபம் பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. அகுவாதா ஊரின் சோய்லோ காஹிகாஸ் என்ற வயதான கலைஞரை வைத்து 1950-களில் ‘எல் சாந்தெரோ’ என்று ஒரு குறும்படம் வந்தது. பிளாஸ்டரோடு மோத முடியாத கைத்தொழில்தான் அதன் கதை.

அதே காலத்தில் காற்று வேறு பக்கமும் திரும்பியது. 1955-இல் புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர், தொல்லியலாளர் ரிக்கார்தோ அலெக்ரியா. இது நம்ம கலை, நம்ம அடையாளம் என்று சாந்தோக்களைத் தூக்கிப் பிடித்தார்கள். சேகரிப்பவர்கள் மலை வீடுகளுக்குப் போய்த் தேடினார்கள். அவர்களில் ஒருவரான தியோதோரோ விதால், சாந்தோக்கள் உட்பட 3,200-க்கும் மேற்பட்ட பொருட்களை 1997-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவர் மாதிரி ஆட்கள் இல்லைன்னா, பாதி கரையானுக்குப் போயிருக்கும். அதை மறுக்க முடியாது.

அதோட, சொரூபத்தின் வேலையும் மாறிடுச்சு. வீட்டில் இருந்தபோது அது பதில் சொல்ல வேண்டிய ஆள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சேகரிப்பவரின் கண்ணுக்கு முதல் பூச்சுதான் அசல், மற்றதெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்த கெடுதல். அப்படி நினைத்துச் சுரண்டப்பட்ட சொரூபங்களும் உண்டு.

சரி, என்ன செய்யலாம்?

என் பதில்: சுரண்ட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், இன்றைக்கு எக்ஸ்-ரே மாதிரி வழிகள் இருக்கின்றன. செதுக்கினவர் ஒருத்தர். ஆனா அந்தச் சொரூபத்தை நூறு வருஷம் உயிரோட வச்சிருந்தது, பேர் தெரியாத அந்த வீட்டுப் பெண்கள். முதல் பூச்சை மட்டும் அசல்னு சொன்னா, அவங்க செஞ்சது கணக்குலயே வராது.

தொழில் இன்னும் ஓயவில்லை. கைவினைச் சந்தைகளில் இன்றைக்கும் புது சாந்தோக்கள் விற்கின்றன. முன்பு பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலையை இப்போது பெண்களும் செய்கிறார்கள். அடியில் கையெழுத்தும் இருக்கிறது. வாங்குகிறவர்களில் ஜெபிக்க வாங்குபவர் உண்டு, ஹாலில் அழகுக்கு வைப்பவரும் உண்டு.

ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்டு சாமி அலமாரியில, எந்த மதமா இருந்தாலும் சரி, ரொம்பப் பழைய பொருள் எதுன்னு பாட்டியையோ அம்மாவையோ கேளுங்க. அதுல இருக்கிற கீறல், கறை, ஒட்டு ஒவ்வொண்ணும் எப்படி வந்ததுன்னு கேளுங்க. பாலிஷ் போடக் கடைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.