படகில் ஏறுமுன் ஒரு நிமிடம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் கோல் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் எழும் பேச்சு ஒன்றே. எந்த வண்டியில் டிக்கெட் கிடைத்தது, ஊரில் எத்தனை நாள் தங்கல் என்பதே அது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நம்மிடம் இக்கேள்விகள் சற்று அதிகமாகவே வந்து சேரும். பிரயாணத்திற்கு 60 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்கிறோம். பெட்டிக்குப் பூட்டுச் சங்கிலி, ஊறுகாய்ப் புட்டிக்கு இரட்டைத் துணிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆனால் ஊர் சென்றபின் குமரிமுனையிலோ, பிச்சாவரத்திலோ, தேக்கடியிலோ படகில் ஏறும்போது இந்த ஜாக்கிரதை எங்கே போய்விடுகிறது?

நம்முடைய தவறு ஒன்றையே இங்கு முதலில் கூறிவிடுகிறோம். சென்ற கோடையில் குடும்பத்துடன் குமரிமுனை சென்றிருந்தோம். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில் ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, அதாவது லைப் ஜாக்கெட், தந்தார்கள். ஏழு வயதுடைய நம் மகள் வியர்க்கிறது என்று சிணுங்கினாள். புகைப்படம் நன்றாக வரவேண்டும் என்ற ஆசை நமக்கு. ஆகவே வாரைக் கட்டாமல் சட்டையைத் தோளில் மட்டும் மாட்டிவிட்டோம். அதைக் கண்ட படகுப் பணியாளர் ஒருவர் அருகில் வந்து, குனிந்து, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். “அண்ணாச்சி, கட்டாமப் போட்டா தண்ணியில சட்டை மேல நிக்கும், பிள்ளை கீழ போயிரும்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிறிது நேரத்தில் ஓர் அலையில் படகு தூக்கிப் போட்டது. குழந்தை இருக்கையிலிருந்து சறுக்கி நம் காலடியில் விழுந்தாள். காயம் ஏதுமில்லை. எனினும் திரும்பிக் கரை சேரும்வரை அவள் சட்டையின் வாரிலிருந்து நம் கையை எடுக்கவில்லை.

டில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் யமுனையை ரயில் ஜன்னல் வழியே கண்டவர்கள். நீரின் குணம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களாகிய நாமும் மறந்துவிட்டோம். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். படகின் அமைப்பிலிருந்த குறைகள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பலர் ஒரே பக்கமாகச் சாய்ந்தது ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. முதலிரண்டும் பிரயாணியின் கையில் இல்லை. மூன்றாவது நம் கையில் உள்ளது. 2024 டிசம்பர் 18-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தருகே எலிபெண்டாவுக்குச் சென்ற படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பலர் உயிரிழந்தனர். பட்டப்பகல்; கரையும் தொலைவில் இல்லை. அபாயத்துக்கு நாள் நட்சத்திரம் கிடையாது.

பெருங்கப்பல்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடம் இருந்தது. அதன் விளைவாக 1914-இல் கடலில் உயிர்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. நெடுங்காலம், கப்பல் ஏறிய 24 மணி நேரத்திற்குள் பிரயாணிகளுக்கு ஒத்திகை நடத்தினால் போதும் என்ற விதி இருந்தது. 2012 ஜனவரி 13-ந் தேதி இரவு இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. 32 பேர் மாண்டனர். பின்னர் விதி மாறியது. 2015 ஜனவரி முதல், 24 மணி நேரத்துக்கு மேல் கப்பலில் தங்கும் பிரயாணிகளுக்கு, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும்.

கப்பல் நமக்குப் புதிதன்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்களை ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான். எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு சேர்ந்தார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, அப்பாதை அறுந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பிரயாணிக் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. ஆகவே நம்மில் சிலரேனும் இனிக் கடல் தாண்டக்கூடும். அவர்களும், ஏரிப் படகில் அரைமணி உலாவுவோரும் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு.

ஏறுமுன் எத்தனை பேரை ஏற்றலாம் என்று படகில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கூட்டம் மிஞ்சினால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். காற்று மிகுந்து படகை நிறுத்தினால் பணியாளரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். அவர் தடுப்பது நம் நன்மைக்கே. மிதவைச் சட்டையை உட்கார்ந்தபின் அன்று, ஏறுமுன்பே அணிந்து, எல்லா வார்களையும் இறுகக் கட்டுங்கள். கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், சட்டை காதுவரை ஏறக்கூடாது. பெரியவர் சட்டை குழந்தைக்கு உதவாது. கப்பல் விதிகளின்படி 15 கிலோவுக்குக் குறைந்த சிசுவுக்கு ஓர் அளவு, 15 முதல் 43 கிலோவரை குழந்தை அளவு, அதற்குமேல் பெரியவர் அளவு. தகுந்த அளவு இல்லையெனில் குழந்தையைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேலையின்மேலும் சட்டை பொருந்தும். முந்தானையை முதலில் இடுப்பில் செருகிக்கொள்வது நலம்.

புகைப்படத்திற்காக அனைவரும் ஒரு பக்கம் ஓடலாகாது. பெருங்கப்பலில் பணியாளர் விளக்கம் கூறும்போது பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டும். ஏழு குறுகிய ஊதலும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஊதலும் ஒலித்தால் அது அபாய அறிவிப்பு. உடனே குறித்த இடத்தில் கூடவேண்டும். பெட்டியை எடுக்கத் திரும்பலாகாது.

நம் பகுதிக்கு அருகே தால்கட்டோராவில் நீச்சல் குளம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பது நல்லதே. எனினும் நீந்தத் தெரிந்தவனுக்கும் மிதவைச் சட்டை வேண்டும். ஊரில் நம்மை எதிர்நோக்கும் பாட்டி தாத்தாக்களிடம் பேரப் பிள்ளைகளை முழுமையாகக் கொண்டு சேர்த்து, முழுமையாகத் திரும்ப அழைத்து வருவதே விடுமுறையின் பயன். ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் கொடுக்கும் நாம், வார் கட்ட 60 விநாடி கொடுக்கலாகாதா?