கப்பலில் வெறும் சோறு கிடைக்குமா?

சொகுசுக் கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை ஏதாவது ஒரு தளத்தில் ஏதாவது ஒரு கவுண்டர் திறந்திருக்கும். ஆனாலும் அதே கப்பலில் தட்டை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுவது என்று தெரியாமல் நிற்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர். மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது; துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். மாமனாருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சோறு, ரசம், தயிர் மூன்றையும் தாண்டி எதையும் தொடமாட்டார், அவ்வளவுதான். கும்பகோணத்துக்காரர். "சீஸ் வாசனை பட்டாலே குமட்டுதும்மா" என்பார்.

சிங்கப்பூர் மரீனா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் கப்பல்களில் இந்த இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: ஒவ்வாமைக்கு ஒரு வழி, நாக்குப் பிடிவாதத்துக்கு வேறு வழி. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சாப்பிட வைக்க நினைத்தால் ஒருத்தர் கண்டிப்பாகப் பட்டினி.

பஃபேயை முதலில் பார்ப்போம். கண்ணுக்கு எதிரே எல்லாம் இருப்பதால் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஒவ்வாமைக்காரர்களுக்குக் கப்பலிலேயே ஆபத்தான இடம் அதுதான். சத்தே என்ற குச்சி இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் வேர்க்கடலைச் சாஸில் கிடந்த கரண்டியை யாரோ எடுத்து வெறும் நூடுல்ஸில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இருந்தால் வறுத்த கடலை பக்கத்திலேயே குவிந்திருக்கும். ஐஸ்கிரீம் கவுண்டரில் பிஸ்தாவுக்கும் வெனிலாவுக்கும் ஒரே கரண்டி. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பொரித்த உருளைக்கிழங்கைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இறால் பொரித்த எண்ணெயிலேயே அதையும் போட்டிருக்கலாம்.

இதில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் இந்தியக் கவுண்டர். பழகிய சாப்பாடு என்ற நம்பிக்கையில் நேரே அங்கே போய்விடுகிறோம். முந்திரி ஆகாத பிள்ளை அந்தப் பக்கமே போகக்கூடாது. குருமாவிலும் பனீர் பட்டர் மசாலாவிலும் முந்திரியை அரைத்தே ஊற்றிவிடுவார்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு கண்ணி: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பாரில் என்ன மாவு இருக்கப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

மகளை நான் கூட்டிப்போவது மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய உணவுக் கூடத்துக்கு. வெள்ளை மேசைவிரிப்பு, வரிசையாக முள்கரண்டிகள் எல்லாம் பார்த்தால் அங்கே போய் வெறும் சோறு கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். கேட்கலாம். அங்கே ஒவ்வொரு தட்டும் யார் பெயரில் போகிறது என்று சமையலறைக்குத் தெரியும், அதுதான் முக்கியம். முதல் நாள் மாலை கூடத்தின் மேற்பார்வையாளரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் கோவாக்காரர். இரவுச் சாப்பாடு முடியும் நேரம் மறுநாள் மெனு அட்டையை எடுத்துவந்து மகள் முன்னால் வைப்பார். அவள் கை வைக்கும் வரியெல்லாம் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் அறை எண், மேசை எண், "நட்ஸ்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுப்பார். மறுநாள் அவளுடைய தட்டு மட்டும் தனி மூடி போட்டு, சீட்டு ஒட்டி, மற்றவர்களுடையதற்கு முன்னாலோ பின்னாலோ தனியாக வரும். பெரும்பாலான கப்பல்களில் ஒவ்வாமைக்காரர்களுக்கு இப்படி முன்கூட்டியே ஆர்டர் எடுக்கிறார்கள். நாம் வாயைத் திறக்க வேண்டும்.

அந்தக் கூடத்தின் மெனுவில் தினமும் மாறாத ஒரு சின்னப் பகுதியும் இருக்கும். வாட்டிய கோழி, வாட்டிய மீன், சுட்ட உருளைக்கிழங்கு, வேகவைத்த காய். பேர் இல்லாத சமையல், ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். பாஸ்தா கேட்டால் வெண்ணெய் வேண்டாம், பெஸ்தோ வேண்டாம், மேலே எதுவும் தூவ வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வெறும் பாஸ்தா என்று மட்டும் சொன்னால் வெண்ணெயும் பச்சிலையும் போட்டு அழகாக வரும்.

ஒரு வேண்டுகோள். பிடிக்காததையெல்லாம் அலர்ஜி என்று சொல்லாதீர்கள். பூண்டு பிடிக்காத ஒருவர் பூண்டு அலர்ஜி என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையிலிருந்து கார்லிக் பிரெட் எடுத்துக் கடித்ததைப் பார்த்திருக்கிறேன். அலர்ஜி என்ற சொல்லுக்காகச் சமையலறையில் தனிப் பாத்திரம், தனிக் கத்தி, புதுக் கையுறை என்று வேலையே மாறுகிறது. பரிமாறியவர் இப்படிக் கடிப்பதைப் பார்த்துவிட்டால், அடுத்து வரும் நிஜமான அலர்ஜிக்காரர் சொல்வதை எத்தனை தூரம் நம்புவார்?

மெனுவில் போட்டிருக்கும் குறியீடுகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 ஒவ்வாமைப் பொருட்கள். கடுகு, எள், செலரி எல்லாம் அதில் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் 9. எள் அதில் கட்டாயமானது 2023-இல்தான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் பட்டியலில் எள்ளும் இல்லை, கடுகும் இல்லை. கப்பல் கம்பெனி எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறதோ அதற்குத்தான் குறி போடும். கடுகு ஆகாதவர் மெனுவில் குறி இல்லையே என்று நிம்மதியாகச் சாப்பிடக்கூடாது.

மாமனாருக்கு மேசையில் பரிமாறும் அந்தக் கூடம் சரிப்படவில்லை. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். அவருக்கு பஃபேதான் சொர்க்கம். ஆசியக் கடலில் ஓடும் கப்பல்களில் வெள்ளைச் சோறு அநேகமாக எப்போதும் இருக்கும். காலையில் சர்க்கரை போடாத தயிர், வாழைப்பழம், அவித்த முட்டை கிடைக்கும். காலைத் தயிரில் ஒரு கிண்ணம் எடுத்து அறைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மத்தியானம் சோறு, தயிர், வீட்டிலிருந்து கொண்டுபோன சீல் பிரிக்காத ஊறுகாய் பாக்கெட். "ரசம் ஒண்ணுதான் குறை" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வார். சைவம், ஜைன சமையல் என்று இந்தியர்களுக்காகவே நடத்தும் கப்பல்களும் இருக்கின்றன. அப்படி ஒன்றான கார்டிலியா 2022-இல் சென்னையிலிருந்தே கிளம்பியது. அவர் மாதிரி ஆட்களுக்கு அவை தோது.

பெட்டியில் ரைஸ் குக்கரையோ கெட்டிலையோ வைக்காதீர்கள். தீ பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்ததையும் பல கப்பல்களில் விடமாட்டார்கள். கடையில் வாங்கி சீல் பிரிக்காததற்குப் பொதுவாகத் தடையில்லை. வெந்நீர் ஊற்றிக் கிளறும் உப்புமா பாக்கெட் கைகொடுக்கும், ஆனால் பின்பக்கம் படியுங்கள். அதிலும் முந்திரி இருக்கலாம்.

கரையில் இறங்கியதும் கதை வேறு. பினாங்கில் ரோஜாக் என்ற பழக்கலவையில் பொடித்த கடலை, சம்பலில் பெலச்சான் என்ற இறால் விழுது. தீவுச் சுற்றுலாவோடு தரும் மதியச் சாப்பாடு உள்ளூர்க்காரர்கள் சமைப்பது; கப்பல் சமையலறையில் நீங்கள் சொன்னது எதுவும் அங்கே போய்ச் சேராது. அன்று பிஸ்கட்டும் பழக்கமான பாக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

அதே கைப்பையில் மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசியும் இருக்க வேண்டும். அறைப் பெட்டகத்தில் இருந்து பயனில்லை. அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே பல தளங்கள், லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். மூச்சு இழுத்தால் முதலில் ஊசி, தொடையின் வெளிப்பக்கம். அரிப்புக்குத் தரும் மாத்திரை இதற்கு ஈடாகாது. கப்பலில் டாக்டரும் நர்சும் உண்டு, ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் வசதியெல்லாம் இருக்காது. கட்டணமும் அதிகம். காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே சிறப்பு உணவுக்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்; பல கம்பெனிகள் சில வாரங்களுக்கு முன்பே கேட்கின்றன. ஏஜென்ட் வாயால் சொல்லும் "எல்லாம் பார்த்துப்பாங்க சார்" போதாது. கப்பல் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.