மண்டையோட்டு விட்டில்

மடகாஸ்கர்த் தீவில் மலரும் வெண்ணிற ஆர்க்கிட் ஒன்றின் தேன்குழல் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. தேன் அதன் அடிமுனையில் மட்டுமே ஊறுகின்றது. அதை எட்டக்கூடிய நாவுடைய விட்டில் அத்தீவில் இருந்தே தீரவேண்டும் என 1862-இல் டார்வின் எழுதினார். அவர் மறைந்து இருபத்தோராண்டுகள் கழித்து, 1903-இல், அப்பருந்து விட்டில் அறிவியலார்க்கு அறிமுகமாயிற்று. 2021-இல் அது தனியினமாகவும் ஏற்கப்பெற்றது. அதன் நா 28.5 செ.மீ. வரை நீள்வதாக அளந்துள்ளனர்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு விட்டில் தென்னாட்டு வயல்களிலும் உலவுகின்றது. சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம் போன்ற மானாவாரி ஊர்களின் உழவர் இதனை அறிதல் நன்று. எள்ளும் அவரையும் இதன் புழுவுக்கு உகந்த உணவாகும். முதுகில் மண்டையோட்டை ஒத்த குறியிருப்பதால் இதற்கு மண்டையோட்டு விட்டில் என்று பெயர். குறி வெறும் செதிலின் நிறமே, அச்சத்துக்கு இடமில்லை.

இதன் நாவோ குட்டையானது, தடித்தது. மலர்க்குழலில் நுழைய அது உதவாது, கன்னக்கோலாகவே உதவுகின்றது. இரவில் தேன்கூட்டினுள் புகுந்து, மெழுகு மூடிய அறைகளைக் குத்தித் தேனை உறிஞ்சுகின்றது. காவல் நிற்கும் தேனீக்கள் வாளாவிருப்பதேன்? இதன் ஐரோப்பிய உறவினத்தை ஆய்ந்தபொழுது, தேனீயின் உடல்மணத்தைத் தரும் பொருள்களே அதன் மேலும் காணப்பட்டன. திருடன் வீட்டாரின் ஆடையை உடுத்து வருகின்றான்! கையிற் பிடித்தால் இவ்விட்டில் கீச்சிடவும் செய்யும். வாய்வழியே காற்றை இழுத்து வெளியேற்றுவதால் எழும் ஒலி அது.

பயிருக்குக் கேடு செய்வது புழுப்பருவமே. பக்கங்களில் சாய்ந்த கோடுகளும், வாற்புறத்தில் வளைந்த கொம்பும் உடைய பருத்த புழு, ஏறக்குறைய 10 செ.மீ. வளர்ந்து இலைகளை மொட்டையாக்கி விடுகின்றது. கொம்பில் நஞ்சு உண்டென அஞ்சுவோர் உளர். அது கொட்டுவதுமில்லை, தீண்டுவதுமில்லை.

இதனைக் கண்டவுடன் நஞ்சு தெளிப்பது, எம் கருத்தில், அவசரச் செயல். எள் பூத்திருக்கும் காலத்தில் தெளித்த மருந்து, பூவை நாடிவரும் தேனீயையும் கொல்லும். புழுக்கள் பெரியவை, செடியடியில் கிடக்கும் தடித்த எச்சமே அவற்றின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சிறிய நிலத்தில் கையால் பொறுக்கி அழிப்பதே எளிது. எஞ்சியவை மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகின்றன. அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் அவை மேலே வந்து விழும். ஏரின் பின்னே வரும் காக்கையும் மைனாவும் அவற்றைக் கொத்திச் செல்லும்.